ஆறாவது ட்ராக்

எழிலரசன் மறுபடியும் பீட்டுக்குப் பிந்தி வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னாடி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, நல்ல ஆவேசமாகத்தான் பாடினான். ஆனால் தாளம் ஒரு பஸ், அவன் வேறு பஸ். மூன்று டேக் பொறுத்துப் பார்த்தேன். நாலாவதில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து, குடித்துவிட்டு வந்தாயா என்று கேட்டேன். அவன் சிரித்தான். ஹெட்போனில் சவுண்டை இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லு என்றான்.

லக்ஷ்மண் என்னைத் திரும்பிப் பார்த்தான். "முழுசாத்தான் வச்சிருக்கேன் பானு. அவன் ஹெட்போன்லருந்து கசியுற சத்தமே மைக்ல ஏறுது."

லக்ஷ்மண்தான் எங்களுக்கு ஒலிப்பதிவு. திருவள்ளூர்க்காரன். வீட்டில் எல்லோரும் பெருமாள் கோயில் கைங்கர்யம். அந்த வீட்டுக்குள் எங்கள் சத்தம் நுழைய முடியாது என்பதால் காக்களூர் எஸ்டேட்டில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியின் பின்பக்க அறையைப் பிடித்து, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே மெஷின் ஓடாது. அதனால் ஞாயிறு மட்டும்தான் எங்களுக்கு ஆல்பம்.

ஆல்பத்தின் பெயர் 'ரெண்டு ஷிப்ட்'. ராப். பாடுவது நாங்கள் இரண்டு பேர். அதில் அவன் பெயர் சம்மட்டி, என் பெயர் கொடுவா. கொடுவா எங்கள் ஏரி மீன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம் எங்களுடையது. என் நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் முதல் பட்டதாரி நான். அதற்கு ஒரு சான்றிதழ்கூட உண்டு, தாலுகா ஆபீஸில் நாலு முறை திருப்பி அனுப்பிய பிறகு கொடுத்தார்கள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெயிண்டு கம்பெனி லேபில் நாள் முழுக்க டப்பாவைக் கலக்கி, கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அங்கே என் முதுகுக்குப் பின்னால் என்னை 'மீனு' என்பார்கள். சரி, மீன்தான். முள்ளோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

எழிலரசன் கும்மிடிப்பூண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியில் பிடித்து அச்சில் வைப்பான். மேலேயிருந்து சம்மட்டி விழும். கையில் தூக்குகிற சம்மட்டி இல்லை, ஒரு லாரி எடை. விழும்போது தரை எழுந்து உட்காரும். அந்த ஷாப்புக்குள் யாரும் பேச மாட்டார்கள், கையைத்தான் ஆட்டுவார்கள். அவன் மட்டும் அந்த அடிக்கு நடுவில் வாயை அசைத்துக்கொண்டே இருப்பான். பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். அவன் பாட்டு கட்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல இடம் கொஞ்சம்தான், வலை நிறைய. அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு என்று பிரிப்பார்கள். அடுத்தவன் முறையில் நீ வலை இறக்கக் கூடாது, அங்கே மீன் துள்ளினாலும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆல்பத்துக்கும் அதையே வைத்தோம். லக்ஷ்மண் டம்ளரில் சீட்டுக் குலுக்கினான். எந்த ட்ராக் யாருக்கு வந்ததோ, அதில் கடைசி வார்த்தை அவருடையது. மற்றவர் குரல் கொடுக்கலாம், வாதம் பண்ணலாம், கை வைக்கக் கூடாது. ரெண்டு ராப்பர் சேர்ந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் அடிதடி வரும் என்பார்கள். எங்களுக்கு வரவில்லை. இந்த முறையால்தான்.

ஆறாவது ட்ராக் அவனுக்கு வந்திருந்தது. அதில் அவன் அதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்றைக்கு அவன் பைக்கில்தான் திரும்பினேன். பெரியபாளையம் தாண்டி ஒரு லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. இவன் ஒதுங்கவில்லை. திமிர் என்று நினைத்தேன். லாரிக்காரன் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே நெருங்கினான். முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டேன். எழிலரசன் திரும்பி, "இன்னா?" என்றான். லாரி என் துப்பட்டாவை உரசிக்கொண்டு போனது.

ஓரமாக நிறுத்தினான். நான் திட்டிய திட்டை எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டான். அப்போதுதான் கவனித்தேன், கொஞ்ச நாளாகவே இவன் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, வாயைத்தான் பார்க்கிறான்.

"ஹாரன் கேக்கல பானு. மெல்லிசா வர்ற சத்தம் எதுவுமே கேக்கறதில்ல. கீச்சுனு ஒரு விசில் மட்டும் உள்ள ஓடிக்கினே கீது."

காதுக்கு அடைப்பான் தர மாட்டார்களா என்று கேட்டேன். தருவார்களாம், வெளியிலிருந்து யாராவது பார்வையிட வரும் நாளில். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் திருப்பி வாங்கி டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். மீதி நாளில் மெஷின் துடைக்கிற பஞ்சு. அப்படியானால் வருஷாவருஷம் காது டெஸ்ட் வண்டி வருகிறதே, அதில் தெரியவில்லையா என்று கேட்டேன். எங்கள் கம்பெனிக்கும் வருகிற வண்டிதான் அது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவார்கள், பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும்.

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அத்த நான் பாஸ் பண்ணிட்டேன். மொத ரெண்டு பீப்பு தடியா வரும், அது கேட்டுரும். நடுவுல எவ்ளோ கேப்புனு புடிச்சிக்கினா போதும், மிச்சத்த எண்ணி அமுக்கலாம். பீட்டு மாறவே மாறாது, மெஷின்தான அது. நான் ராப்பர் பானு. எனக்கு எண்ணத் தெரியாதா?"

ஃபெயில் ஆனால் கான்ட்ராக்ட் ஆளை மறுநாளே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் பயம். அதனால் இவன் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கேண்டீனில் நாஷ்டா பிளேட்டைக் கவிழ்த்து வைத்து, கரண்டியால் தட்டித் தட்டி, அந்தத் தாளத்தை ஷிப்ட் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வருஷாவருஷம். பெரிய ஹாம்மர் ஆபரேட்டர் தணிகைவேல் அண்ணனுக்கு எண்ணிக்கை நிற்காதாம், அவருக்கு மட்டும் தொடையில் தட்டிப் பழக்கினானாம். ஷிப்டில் பாதிப் பேருக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. எல்லோரும் பாஸ்.

என்னை விடுங்கள், எவளுக்குத்தான் கோபம் வராது. உனக்கிருந்த ஒரே சாட்சியை நீயே அழித்திருக்கிறாய் என்று கத்தினேன். பாதிதான் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மறுநாள் லக்ஷ்மணுக்குப் போன் செய்து சொன்னேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே எழிலரசன் வரிகள் பிந்திப் பிந்தித்தான் வருகின்றன, நீங்கள் கிளம்பிய பிறகு ஒவ்வொன்றையும் மவுஸால் இழுத்துத் தாளத்தில் உட்கார வைத்துவிடுவேன், சொன்னால் மனசு கஷ்டப்படுவான் என்று விட்டுவிட்டேன் என்றான். நல்ல பையன்தான். அந்த நிமிஷம் அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு எழிலரசன் ஆறாவது ட்ராக்கை எழுதிக்கொண்டு வந்தான். பெயர் 'பீப்'. அடியில் டிரம் இல்லை, டெஸ்ட் வண்டியின் அந்தத் தாளம் மட்டும்.

*பட்டன அமுக்கு, பல்ல கடி,*
*கேக்கலன்னாலும் கேக்குதுன்னு நடி.*
*சம்மட்டி வுழுது, சாரு எழுதறாரு:*
*நார்மலு, நார்மலு, நல்லா கீறாரு.*

ஆல்பத்தில் அதற்கு ஈடாக வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. என் ட்ராக்குகள் எல்லாம் கோபம். இது சும்மா நின்று சொல்கிறது. லக்ஷ்மண் வழக்கம்போல இழுத்துச் சரிசெய்தான். கேட்டால் பிசிறில்லை.

நான்தான் அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டரம்மா பீப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தார். எழிலரசனின் எண்ணிக்கை அங்கே செல்லவில்லை. ரெண்டு காதும் நரம்பிலேயே போய்விட்டது, திரும்ப வராது, அந்த வேலையை விடாவிட்டால் மிச்சமும் போகும் என்றார். நஷ்ட ஈட்டுக்கு மெடிக்கல் போர்டுக்குப் போகலாம், ஆனால் வேலையால்தான் போனது என்று காட்ட வேண்டும், கம்பெனி டெஸ்ட் பேப்பரை வாங்கி வாருங்கள் என்றார்.

கம்பெனியில் எச்.ஆர். ராஜமாணிக்கம். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். உட்காரச் சொன்னார், டீ சொன்னார். ஃபைலை எடுத்து ஒவ்வொரு வருஷப் பேப்பராக மேஜையில் விரித்தார். எல்லாம் நார்மல். பிறகு செல்போனை எடுத்து எங்கள் முதல் வீடியோவை ஓடவிட்டார். பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழிலரசன் தலையை ஆட்டுகிறான்.

"பாட்டு நல்லா இருக்கு தம்பி. என் பொண்ணுகூடக் கேக்குறா. ஆனா வாராவாரம் இவ்வளவு சத்தத்தக் காதுல போட்டுக்கிட்டு, கம்பெனியால போச்சுன்னு சொன்னா போர்டுல சிரிப்பாங்க. இந்த வீடியோவ நாங்க குடுக்க வேண்டியிருக்கும்."

எழிலரசன் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. வெளியே வந்ததும், டீ நல்லா இருந்தது இல்ல என்றான்.

அன்றைக்கே நான் முடிவு பண்ணிவிட்டேன், 'பீப்'பை முதலில் வெளியே விட வேண்டும், ஆல்பத்துக்கு முன்னாடியே. அந்தப் பேப்பரெல்லாம் பொய் என்று ஊருக்கே கேட்கட்டும். எழிலரசனும் சரி என்றான்.

பைபாஸ் டீக்கடையில் தணிகைவேல் எங்களைத் தேடி வந்தார். வயதுக்கு மீறிய நரை, முன்கை முழுக்கத் தீப்பொறித் தழும்பு. பாட்டை எழிலரசன் கேண்டீனில் பாடிக் காட்டியிருக்கிறான். அவர் என்னிடம் சண்டை போடவில்லை. என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அதுதான் தாங்கவில்லை. இது வெளியே வந்தால் வண்டியை மறுபடி வரவழைத்து, எண்ண முடியாத மாதிரி டெஸ்ட் வைப்பார்கள், ஷிப்டே தெருவுக்கு வந்துவிடும், பெரிய பொண்ணுக்கு இப்போதுதான் நிச்சயம் பண்ணியிருக்கிறோம் என்றார். சத்தம் போட்டுத்தான் சொன்னார். அவருக்குத் தன் குரல் எவ்வளவு என்று தெரியாது. கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"படிச்ச பொண்ணுமா நீ. உனக்கு வேற வேலை கெடைக்கும். எங்களுக்கு இந்தச் சத்தத்த வுட்டா வேற இன்னாமா கீது?"

அவர் போன பிறகு எழிலரசன் லக்ஷ்மணுக்கு மெசேஜ் போட்டான். ஆறாவது ட்ராக்கை அழித்துவிடு, எங்கேயும் வைக்காதே. நான் போனைப் பிடுங்கப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளி என்றேன், கம்பெனிக்கு நீ போடுகிற பிச்சை இது என்றேன். அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"என் பாடு பானு."

அந்த முறையைக் கொண்டுவந்தவளே நான்தான். லக்ஷ்மண் அழித்தான். ரெண்டு ஞாயிறு நான் காக்களூருக்குப் போகவில்லை.

அதற்குள் அந்தக் காது டெஸ்ட் வண்டி எங்கள் கம்பெனிக்கு வந்தது.

லேப் ஆட்களை வரிசையாக ஏற்றினார்கள். என் முறை வந்தது, கூண்டுக்குள் உட்கார்ந்தேன். ஹெட்போனில் பீப். கொஞ்சம் விட்டு இன்னொரு பீப். அவன் கரண்டியால் தட்டிய அதே தாளம். எனக்கு எல்லாமே தெளிவாகக் கேட்டது. நான் பட்டனைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்றால், எரிச்சல், அவ்வளவுதான். ஒருத்தியாவது ஃபெயில் ஆகட்டும் என்று.

வெளியே வந்ததும் டெஸ்ட் எடுக்கிற ஆள் பேப்பரை நீட்டினான். நார்மல். ரெண்டு காதுக்கும் புள்ளி வைத்து, கோடு இழுத்து, கீழே முத்திரை.

நான் பட்டனைத் தொடவே இல்லை என்றேன்.

அவன் பட்டனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் பேசறது கேக்குதுல்ல மேடம்?"

"கேக்குது."

"அப்புறம் இன்னா?"

கேட்காதவர்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்படி யாரும் வருவதில்லை என்றான். எத்தனை ஆளோ அத்தனை பேப்பர் தர வேண்டும், காலையிலேயே பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் ஒரு நாளில் மூன்று கம்பெனி எப்படி முடிப்பது என்றான். பொய் சொல்லத் தோன்றாத அளவுக்கு அலுத்துப் போயிருந்தான். பின்னால் ஆள் நிற்கிறது மேடம், கொஞ்சம் தள்ளுங்க.

பேப்பரிலிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு படியிறங்கினேன். அது யாருடைய காது என்று தெரியவில்லை. என்னுடையது இல்லை.

அன்று மாலை ஷிப்ட் விடும்போது ஃபோர்ஜிங் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். எழிலரசன் என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தான். லாரிகளுக்கு நடுவில் வாயால் சொன்னால் வேலைக்கு ஆகாது. செல்போனில் டைப் அடித்துக் காட்டினேன். அமுக்கினாலும் நார்மல், அமுக்காவிட்டாலும் நார்மல். பேப்பர் முன்னாடியே அடித்து வைத்திருக்கிறார்கள்.

ரெண்டு தடவை படித்தான். சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் முகம் சுருங்கிப் போனது.

"எல்லார் வேலையையும் நான்தான் காப்பாத்திக்கினு கீறேன்னு கெத்தா இருந்தேன் பானு." கொஞ்சம் பொறுத்து, "ஒரு பீப்பு கூட வுட்டதில்ல தெரியுமா. ஒண்ணு கூட."

அந்த ஷாப்பில் அவன் செய்ததில் நன்றாகச் செய்தது என்று அவன் நினைத்தது அது ஒன்றைத்தான். அதையும் யாரும் கேட்கவில்லை.

அவனே போய்த் தணிகைவேலிடம் சொன்னான். அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். பேரு மட்டும் எதுவும் வராமல் பார்த்துக்கோ என்றார்.

அழித்தது அழித்ததுதான், புதிதாகப் பாட வேண்டியிருந்தது. இதற்குள் அவன் காது இன்னும் இறங்கிவிட்டது. லக்ஷ்மண் ஒரு பெரிய ஸ்பீக்கரை மைக் அறைக்குள் கவிழ்த்துப் போட்டான். எழிலரசன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டான். அதிர்வு வரும், அதை எண்ணிக்கொள்ளலாம் என்று. வந்தது, ஆனால் பீப் மெல்லிய சத்தம், காலுக்கு எட்டவில்லை. நான் உள்ளே போய் அவன் தோளில் தாளம் தட்ட ஆரம்பித்தேன். அவன் என் கையை எடுத்துக் கீழே விட்டான். என் பாடு என்று மறுபடி சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

பாடினான். முதல் ரெண்டு வரி பிடித்துக்கொண்டான். அப்புறம் பீப் முன்னால் போனது, அவன் பின்னால் வந்தான். *நார்மலு* என்ற இடத்தில் முழுசாக ஒரு பீப் விட்டுப்போனது. குரல் மட்டும் தளரவில்லை. தாளத்தோடுதான் இருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு கடைசி வரி வரைக்கும் போனான்.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தான். லக்ஷ்மணின் கை மவுஸுக்குப் போயிருந்தது. பழக்கம். கண்ணாடி வழியாக எழிலரசன் அதைப் பார்த்தான். அந்தக் கை அப்படிப் போய் எத்தனை மாசமாகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கே புரிந்திருக்க வேண்டும்.

"கைய எடு லக்ஷ்மண். அப்டியே வுடு."

அப்படியே விட்டோம்.

ஆல்பம் வந்தது. எங்கள் அளவுக்கு நன்றாகவே ஓடியது. கம்பெனி பெயர் எங்கேயும் சொல்லவில்லை, ஆனாலும் சிப்காட் முழுக்கத் தெரிந்துவிட்டது. ராஜமாணிக்கம் வண்டியை மறுபடி வரவழைத்தார். எழிலரசன் ஷிப்டை மொத்தமாக ஏற்றி இறக்கினார்கள். சொல்லி வைத்தாற்போல் யாரும் பட்டனை அமுக்கவில்லை. தணிகைவேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

எல்லோரும் நார்மல். எழிலரசனும் நார்மல். அந்தப் பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கான்ட்ராக்டர் அவனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். அரசு ஆஸ்பத்திரிப் பேப்பர் ஒன்று அவனிடம் இருக்கிறது. இவர்களுடையது ஒரு கட்டு இருக்கிறது, கூடவே வீடியோ. போர்டு கூப்பிடட்டும். அந்த வண்டியில் நான் சும்மா உட்கார்ந்து வாங்கிய பேப்பரை எடுத்துக்கொண்டு நானும் போவேன். சிரிக்கட்டும்.

இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறான். பாட்டுக்குக் கீழே வருகிற கமெண்டு எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்கிறான். படிப்பதற்குக் காது வேண்டாமே. பாராட்டுக்கு ஒரு இதயம் போடுவான், அவ்வளவுதான். பதில் எழுத மாட்டான். ஒன்றுக்கு மட்டும் எழுதியிருந்தான். யாரோ ஆர்.கே.பேட்டைப் பையன், ஆறாவது ட்ராக்குக்குக் கீழே இப்படிக் கேட்டிருந்தான்: *மத்ததெல்லாம் மாஸு. இதுல மட்டும் சம்மட்டி அண்ணன் பீட்ட வுட்டுட்டாரே, கவனிக்கலயா?*

அதற்கு எழிலரசன் போட்ட பதில்:

*நார்மல் ப்ரோ.*